420-க்கும் 431-க்கும் நடுவில்: வேகமான செடான் கார்களை ஒப்பிடுவது எப்படி?

பி.எம்.டபிள்யூ எம்3 காரின் இரண்டு தலைமுறைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008 முதல் விற்ற ஈ90 எம்3 செடானில் 4 லிட்டர் வி8 இன்ஜின், 420 குதிரைத்திறன். 2014-ல் அதன் இடத்துக்கு வந்த எஃப்80 எம்3-ல் இரண்டு டர்போ (புகைக்காற்றின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்திய 3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 431 குதிரைத்திறன். வித்தியாசம் வெறும் 11. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஆனால் ஓட்டுகிறவருக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு கார்கள். ஒன்றில் ஜெயித்துக்கொடுக்கும் பழக்கம் இன்னொன்றில் டயரைச் சுழலவிட்டுவிடும்.

அந்த 11-க்குள் என்ன இருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டால், வேகமான செடான்களைப் பற்றிய எந்த ஒப்பீட்டையும் நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம். கார்களைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

முதலில், ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் என்ன? பிரிட்டனில் இதை சலூன் என்பார்கள். நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை என்பதால் செடான் என்றே வைத்துக்கொள்வோம். நாலு கதவு, பின்னால் ஆட்கள் வசதியாக உட்கார இடம், பெட்டி படுக்கை வைக்க டிக்கி. இத்தனையும் இருக்கும் ஒரு குடும்பக் காருக்குள் ரேஸ் காரின் இன்ஜினையும் பிரேக்கையும் வைத்தால் கிடைப்பது இந்த வகை. 1985-ல் விற்பனைக்கு வந்த முதல் பி.எம்.டபிள்யூ எம்5 அப்படித்தான் பிறந்தது. எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் வழிவந்த 286 குதிரைத்திறன் இன்ஜினை, சாதாரண 5 சீரிஸ் காருக்குள் கையால் பொருத்திக் கட்டினார்கள். வெளியே பார்த்தால் வக்கீலோ டாக்டரோ ஓட்டும் கார். இந்த அடக்கமான தோற்றம்தான் எனக்கு இந்த வகைக் கார்களின் மேல் இத்தனை பிரியம் வரக் காரணம்.

அதற்குப் பிறகு மெர்சிடிஸ் பக்கம் ஏ.எம்.ஜி, ஆடி பக்கம் ஆர்.எஸ், இத்தாலியிலிருந்து ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ என்று போட்டி வளர்ந்தது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

எல்லா ஒப்பீடும் 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை நொடி என்பதில்தான் தொடங்கும். நம்மவர்கள் 'பிக்கப்' என்று சொல்வது இதைத்தான். இது பொய்யான எண் இல்லை. ஆனால் நாம் நினைப்பதை அது அளப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் ஒன்றிரண்டு நொடிகளில், இந்த வகைக் கார்களின் இன்ஜினிடம் தேவைக்கு மேல் சக்தி இருக்கிறது. ரோட்டைப் பிடித்துத் தள்ள முடியாமல் திணறுவது டயர்தான். இதற்குச் சாட்சி 2021-ல் விற்பனைக்கு வந்த எம்3 காம்பெடிஷன். அப்போது அதன் இரண்டு வகைகளிலும் அதே 510 குதிரைத்திறன் இன்ஜின். பின் சக்கரங்களை மட்டும் ஓட்டும் வகை 100-ஐத் தொட 3.9 நொடி எடுத்தது. நாலு சக்கரத்தையும் ஓட்டும் வகை சுமார் 50 கிலோ கூடுதல் எடை, ஆனாலும் 3.5 நொடியில் தொட்டுவிட்டது. இன்ஜினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அந்த 0.4 நொடி முழுக்கப் பிடிமானத்தின் கணக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பத்திரிகைகள் பல, டிராக் ரேஸ் வழக்கப்படி, கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன. அந்த ஒரு அடிக்கே கால் நொடி அளவுக்குச் சலுகை கிடைத்துவிடும். அதனால் ஒரு பத்திரிகையின் 3.3-ஐயும் நிறுவனம் சொல்லும் 3.5-ஐயும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே கையால் அளந்த எண்களை மட்டும்தான் ஒப்பிடலாம்.

சரி, உண்மையான ரோட்டில் நமக்கு என்ன வேகம் தேவைப்படுகிறது? சிக்னலில் நின்று சீறிக் கிளம்புவது வருஷத்தில் எத்தனை முறை நடக்கும்? முந்திச் செல்வதுதான் அன்றாடம் நடப்பது. இந்தக் கார்கள் பிறந்த ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஊருக்கு வெளியே இருவழிச் சாலைகளில் கார்களுக்கு வரம்பு 100 கி.மீ. ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 60 கி.மீ. நீங்கள் லாரிக்குப் பின்னால் 60-ல் போகிறீர்கள். முன்னும் பின்னும் போதிய இடைவெளி விட்டு லாரியைத் தாண்ட, அதைவிட 60 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரம்பை மீறாமல் 100 வரை மட்டுமே ஏற்றுகிறீர்கள்.

சாதாரணமான ஒரு கார், ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு 2 மீட்டர் வீதம் கூட்டினால், முழுதாகத் தாண்ட சுமார் 8.2 நொடி ஆகும். அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும் நல்ல ஸ்போர்ட்ஸ் செடானுக்கு 6.8 நொடி. 1.4 நொடி மிச்சம். எதிரே 100-ல் ஒரு கார் வந்துகொண்டிருந்தால், இருவரும் சேர்ந்து நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் நெருங்குகிறீர்கள். ஆக அந்த 1.4 நொடி என்பது எதிரே காலியாக வேண்டிய ரோட்டில் சுமார் 77 மீட்டர். உயிருக்குப் பெறுமானமான 77 மீட்டர்.

இப்போது மூன்று மடங்கு இழுக்கும் அசுரக் காரை எடுங்கள். அதற்கு 6.3 நொடி. முந்தையதைவிட அரை நொடிதான் குறைகிறது. முதல் இரட்டிப்பு 1.4 நொடி கொடுத்தது, அடுத்த பாய்ச்சல் 0.5 நொடி கொடுக்கிறது. அப்புறம் போகப்போக இன்னும் சுருங்கும். 400 குதிரைத்திறனுக்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் ரோட்டில் ஏன் எதிர்பார்த்த அளவுக்குத் தெரிவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆனால் இதே இடத்தில் வேறொன்று பெரிதாகத் தெரியும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு கியர்பாக்ஸ் இறங்குவதற்கும் டர்போ நிரம்புவதற்கும் அரை நொடி தயங்கினால், அந்தத் தயக்கத்தில் எதிர் வண்டியும் நீங்களும் 22 மீட்டர் நெருங்கிவிட்டிருப்பீர்கள். கூடுதல் 100 குதிரைகள் சம்பாதித்துக் கொடுத்ததை அந்த ஒரு தயக்கம் திருப்பி வாங்கிக்கொள்ளும். அதனால் ஓடும் நிலையிலிருந்து, உதாரணமாக 80-லிருந்து 120 வரை, எடுக்கும் நேரத்தை யாராவது அளந்திருந்தால் அதை முதலில் படியுங்கள். 0 முதல் 100 அப்புறம்.

இனி அந்த 11 குதிரைகளுக்குத் திரும்புவோம்.

குதிரைத்திறன் என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல். இன்ஜின் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பது ஒன்று, அதற்கு டார்க் என்று பெயர். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது மற்றொன்று, அது ஆர்.பி.எம். ஈ90-இன் வி8 அதிகபட்சம் 400 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கும், ஆனால் 8,300 ஆர்.பி.எம். வரை சுழன்று அங்கே 420 குதிரைத்திறனைத் தரும். எஃப்80-இன் டர்போ இன்ஜின் 550 நியூட்டன் மீட்டர் முறுக்கும், அதுவும் 1,850 ஆர்.பி.எம்-மிலேயே தொடங்கி 5,500 வரை தட்டையாகத் தரும்.

இரண்டு கார்களும் 3,900 ஆர்.பி.எம்-மில் போகும்போது முழுதாக மிதித்தால் என்ன ஆகும்? அன்றாடம் ஓட்டும்போது ஊசி இருக்கும் இடம் ஏறக்குறைய இதுதான். அங்கே ஈ90 தருவது சுமார் 222 குதிரைத்திறன். எஃப்80 தருவது சுமார் 305. உச்சியில் 11 ஆக இருந்த வித்தியாசம் இங்கே 83 ஆகிவிட்டது. ஈ90-இல் முழு பலம் வேண்டுமென்றால் இரண்டு கியர் இறக்கி, இன்ஜினைக் கதறவிட்டு, 8,000-க்கு மேல் கொண்டுபோக வேண்டும். எஃப்80-இல் கால் கட்டைவிரலை அழுத்தினால் போதும், முதுகு சீட்டில் ஒட்டும்.

அப்படியானால் எஃப்80 தான் சிறந்தது என்று முடித்துவிடலாமா? அன்றாட ஓட்டத்துக்கு ஆமாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வளைவின் நடுவில் கதை மாறும். ஈ90-இல் கால் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு பலம், அடுத்த கணமே. மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கொடுக்கலாம். எஃப்80-இன் ஆரம்பகாலக் கார்களில், ஈர ரோட்டில் வளைவை விட்டு வெளியே வரும்போது, டர்போ நிரம்பியதும் அந்த 550 நியூட்டன் மீட்டரும் ஒரே தள்ளாக வந்து பின் டயர்களைச் சுழற்றிவிடும். எத்தனையோ ஓட்டுநர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ 2016-ல் காம்பெடிஷன் பேக்கேஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குதிரைத்திறன் 450 ஆனது என்பதுதான் விளம்பரத்தில் பெரிதாக வந்தது. உண்மையான வேலை வேறிடத்தில் நடந்திருந்தது. ஸ்பிரிங், டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் கருவி), ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), பின் டிஃப்ரன்ஷியலின் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) மென்பொருள், வழுக்கலைத் தடுக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் திருத்தினார்கள். அந்தக் கார் நன்றாக மாறியதற்கு 19 குதிரைகள் காரணமில்லை, இந்தத் திருத்தங்கள்தான் காரணம்.

இதைத்தான் ஹேண்ட்லிங் என்கிறோம். ஸ்டியரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றிலும் நீங்கள் கேட்பதைக் கார் எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது, செய்ய முடியாமல் போகப்போகிறது என்றால் அதை எவ்வளவு முன்கூட்டியே சொல்கிறது. வேகமாக வளைவில் போவது மட்டும் ஹேண்ட்லிங் இல்லை. மெதுவான காருக்கும் அருமையான ஹேண்ட்லிங் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை டயர். ஒன்றரை, இரண்டு டன் காரை ரோட்டோடு இணைப்பது நாலு ரப்பர்த் துண்டுகள்தான், ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. அந்த டயரிடம் இருக்கும் பிடிமானத்தைச் சட்டைப்பையில் இருக்கும் 100 ரூபாயாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கச் செலவழிக்கலாம், திரும்பச் செலவழிக்கலாம், வேகம் கூட்டச் செலவழிக்கலாம். மொத்தம் 100-ஐத் தாண்ட முடியாது. முழு 100-யும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது, நேராகப் போகும். இந்தக் கணக்கில் ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு. பிரேக்கும் திருப்பமும் செங்குத்தான திசைகளில் இழுப்பதால் பிதாகரஸ் தேற்றம் இங்கே உதவிக்கு வருகிறது. 70 ரூபாயைப் பிரேக்குக்குக் கொடுத்தாலும் திரும்புவதற்கு 30 இல்லை, ஏறக்குறைய 71 மிஞ்சும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், ஸ்டியரிங் திரும்பத் திரும்ப மெல்ல மெல்ல விடும் ஓட்டுநர் இந்த மிச்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நின்றுகொண்டே பஸ்ஸில் போனவர்களுக்கு இது உடம்பாலேயே தெரிந்திருக்கும். சில ஓட்டுநர்கள் பிரேக்கை ஒரே மிதியில் மிதித்து, ஒரே வெடுக்கில் விட்டுத் திருப்புவார்கள். கம்பியைப் பிடித்திருக்கும் நாம் முதலில் முன்னால் விழுந்து, அப்புறம் பக்கவாட்டில் அடுத்தவர் மேல் சாய்வோம். அனுபவசாலி ஓட்டுநர் ஓட்டினால், முன்னால் சாயும் சாய்வே மெல்லப் பக்கவாட்டுச் சாய்வாக மாறும். நடுவில் வெட்டு இருக்காது. பஸ்ஸின் எடை எப்போது எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த எடை மாற்றம்தான் ஹேண்ட்லிங்கின் மையம். பிரேக் பிடித்தால் எடை முன் சக்கரங்களுக்குப் போகும், அவற்றின் பிடி கூடும், பின்பக்கம் லேசாகும். மிதித்தால் எடை பின்னால் போகும், முன்பக்கம் லேசாகும். திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரங்கள் சுமக்கும். முன் டயர்கள் முதலில் பிடி இழந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வெளிப்பக்கமாக நழுவும். இது அண்டர்ஸ்டியர். பின் டயர்கள் முதலில் இழந்தால் பின்பக்கம் வெளியே வீசும். இது ஓவர்ஸ்டியர். பெரும்பாலான குடும்பக் கார்களை அண்டர்ஸ்டியர் பக்கமாகவே அமைக்கிறார்கள், ஏனென்றால் பயந்துபோன ஓட்டுநர் காலை எடுத்தாலே கார் தானாக அடங்கும். ஸ்போர்ட்ஸ் செடான்களை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

அப்படி நடுவில் நிறுத்துவதில் இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். ஆடி கார்களில் இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால் துருத்தியிருக்கும். அதனால் பல வருஷங்களாக அவை வளைவில் மூக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும் என்ற பேர் இருந்தது. 420 குதிரைத்திறன் வி8 வைத்து 2000-களின் நடுவில் வந்த ஆர்.எஸ்.4 அந்தப் பேரைப் பெரும்பாலும் துடைத்தது. நாலு சக்கரத்துக்கும் சக்தியைச் சமமாகப் பிரிக்காமல், இயல்பு நிலையில் முன்னால் 40 பங்கு, பின்னால் 60 பங்கு என்று பிரித்தார்கள். முன் டயர்களுக்குத் திரும்புவதற்குக் கொஞ்சம் சில்லறை மிஞ்சியது. அவ்வளவுதான் விஷயம்.

டிஃப்ரன்ஷியலைப் பற்றி ஒரு வார்த்தை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃப்ரன்ஷியல் உதவுகிறது. ஆனால் சாதாரண வகையில், உள்பக்கச் சக்கரம் லேசாகிப் பிடி விட்டால் சக்தி எல்லாம் அங்கேயே வீணாகச் சுழலும். சேற்றில் மாட்டிய லாரியின் ஒற்றைச் சக்கரம் மட்டும் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். வேகமான செடான்களில் கிளட்ச் தட்டுகளால் இரண்டு சக்கரங்களையும் தேவைக்கேற்ப இறுக்கும் வகை இருக்கும். எவ்வளவு இறுக்குவது, எந்த நொடியில் என்பதில்தான் நிறுவனங்களின் கைவண்ணம்.

ஜூலியா குவாட்ரிஃபோலியோவைப் பற்றி ஆசையோடு எழுத வேண்டும். 2015-ல் மிலான் அருகே அரேசேயில் ஆல்ஃபா ரோமியோ இதை வெளியிட்டது. 2.9 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 510 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர். இதை உருவாக்கிய அணியின் தலைவர்களில் ஒருவர் ஃபெராரியில் இருந்து வந்த பிலிப் கிரீஃப். பானெட், கூரை, இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு மூன்றும் கார்பன் ஃபைபர். எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. ஸ்டியரிங்கின் விகிதம் 11.8-க்கு 1. அதாவது ஸ்டியரிங்கை 11.8 டிகிரி திருப்பினால் முன் சக்கரம் 1 டிகிரி திரும்பும். சாதாரணக் கார்களில் இதற்கு 15, 16 டிகிரி திருப்ப வேண்டியிருக்கும். மணிக்கட்டை அசைத்தாலே மூக்கு திரும்பும் கார் இது.

இவ்வளவு கூர்மையான ஸ்டியரிங்கோடு சஸ்பென்ஷனையும் கல்லாக்கியிருந்தால் கார் படபடப்பாகிப் போயிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜூலியா வளைவில் சற்றே சாயும், மேட்டில் சற்றே எழும், ஆனால் ஒவ்வொரு அசைவையும் டேம்பர் பிடித்து மெதுவாக இறக்கிவிடும். இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. கடினமாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைக்கிறார்கள். பள்ளமும் ஒட்டும் நிறைந்த ரோட்டில் சஸ்பென்ஷன் கல் மாதிரி இருந்தால் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளி அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் டயருக்குப் பிடிமானம் சுழி. வழவழப்பான ரேஸ் டிராக்கில் முன்னால் போகும் இறுக்கமான கார், கிராமத்து ரோட்டில் மென்மையான காருக்குப் பின்னால் போவது இதனால்தான்.

அப்படியே ஜூலியாவின் எடையையும் பாருங்கள். ஆல்ஃபா பெருமையாகச் சொன்ன எண் 1,524 கிலோ. எம்3 காம்பெடிஷனுக்குச் சொல்வது 1,730 கிலோ. 200 கிலோ வித்தியாசமா? இல்லை. ஆல்ஃபாவின் எண் பெட்ரோலும் ஆயிலும் தண்ணீரும் இல்லாத உலர்ந்த எடை. பி.எம்.டபிள்யூவின் எண் ஓடத் தயாராக இருக்கும் எடை. சில பட்டியல்கள் இதன்மேல் 75 கிலோ ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்லும். ஜூலியா லேசான கார்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. எடையை ஒப்பிடும்போது எந்தப் படிக்கல்லால் நிறுத்தார்கள் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

எடை என்றதும் மெர்சிடிஸ் சி63-க்கு வந்தாக வேண்டும். 2008-ஐ ஒட்டி வந்த சி63-இல் 6.2 லிட்டர் வி8 இருந்தது, டர்போ கிடையாது, 457 குதிரைத்திறன், அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினார்கள். 2022-ல் வெளியிட்ட சி63-இல் 2 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜினும் பின் அச்சில் ஒரு மின் மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர். எண்களில் இந்த வகுப்பின் ராஜா. எடை 2,111 கிலோ.

நேர்க்கோட்டில் இந்த எடை அதிகம் தெரியாது, குதிரைகள் மறைத்துவிடும். பிரேக்கில் தெரியும். கார் நிற்கும்போது அதன் ஓட்ட ஆற்றல் முழுக்க எங்காவது வெப்பமாகப் போக வேண்டும். 1,730 கிலோ எம்3, 200 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே ஒரு முறை நின்றால் வரும் வெப்பத்தில் 30 டிகிரியில் இருக்கும் 9 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரலாம். சி63-க்கு அது 11 லிட்டர். ஒரு பெரிய சோற்றுப் பானைத் தண்ணீர், நாலே நொடி சொச்சத்தில். ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பலமுறை. மின் மோட்டார் கொஞ்சம் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிப் பாரத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மலைச்சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறி வளையும்போது, அந்த எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்ற நேரம் எடுக்கும். அதற்கு எந்தப் பேட்டரியும் உதவாது.

அப்புறம் அந்த 680-இலும் ஒரு நுணுக்கம். மின் மோட்டாரின் 204 குதிரைத்திறன் 10 நொடிக்கு மட்டும் கிடைக்கும் உச்ச அளவு. தொடர்ந்து அது தருவது ஏறக்குறைய அதில் பாதிதான். லாரியைத் தாண்ட 10 நொடி தாராளம். நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து விரட்டினால் கணக்கு வேறு. ஹைபிரிட் கார்களின் எண்ணைப் படிக்கும்போது எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரத்துக்கு என்றும் சேர்த்துப் படியுங்கள்.

நூர்பர்க்ரிங் நேரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் 20 கி.மீ-க்கு மேல் நீளும் இந்த டிராக்கில் எடுத்த நேரத்தை எல்லா நிறுவனங்களும் மார்தட்டிச் சொல்லும். 2016-ல் ஜூலியா 7 நிமிடம் 32 நொடியில் சுற்றியது. 2017-ல் ஜாகுவார் எக்ஸ்.இ எஸ்.வி புராஜெக்ட் 8 அதை 7 நிமிடம் 21 நொடிக்குக் கொண்டுவந்தது. புராஜெக்ட் 8 வெறும் 300 கார்கள் மட்டும் கட்டத் திட்டமிட்ட, 600 குதிரைத்திறன் கொண்ட, டிராக்குக்கு மிக நெருக்கமான மிஷெலின் கப் 2 டயர் போட்ட கார். டயரை மட்டும் மாற்றினாலே அந்த நீளத்தில் பல நொடிகள் குறையும். ஓட்டியவர் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்த தொழில்முறை ஓட்டுநர். வெயில் காய்ந்த ரோடு. இதே வகை டயர்கள் குளிரிலும் மழையிலும் உடனே பிடி தருவதில்லை. ஜூலியாவோடு வரும் பிரெல்லி கோர்சா டயரும் ஈரத்தில் கவனமாக நடத்த வேண்டிய ஜாதிதான். மழைநாளில் ஆபீஸ் போகிறவருக்கு 7 நிமிடம் 21 நொடி எதையும் சொல்வதில்லை.

நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே ஓட்டுநர், ஒரே தரத்து டயர் இருக்க வேண்டும். ஒரு காரில் இறங்கி உடனே அடுத்ததில் ஏற வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் உடம்பு மறந்துவிடும். கார் எந்த மோடில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். இப்போதைய எம்3-இல் இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் பெடல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. ஒருவர் 'சஸ்பென்ஷன் கல் மாதிரி' என்றும் இன்னொருவர் 'பஞ்சு மாதிரி' என்றும் சொல்லி இருவருமே உண்மை பேசியிருக்கலாம்.

இந்த வகையில் நம் மண்ணோடு தொடர்புள்ள கார் ஒன்று உண்டு. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் ஓடும் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையில், 2021-லிருந்து எம்340ஐ செடானைக் கட்டுகிறார்கள். முழு எம்3 இல்லை, அதற்கு ஒரு படி கீழே. 2021-ல் வந்தபோது 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரத்துக்கும் சக்தி, 100-ஐத் தொட 4.4 நொடி. மேலே சொன்ன லாரிக் கணக்கை வைத்துப் பார்த்தால், ரோட்டில் இதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கட்சி. இதன் முழு வேகத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் மாதிரியான இடத்துக்குத்தான் போக வேண்டும். பொது ரோடு அதற்கான இடமில்லை.

ஆனால் ஹேண்ட்லிங்கைத் தெரிந்துகொள்ள வேகமே தேவையில்லை. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுத்தால் 40 கி.மீ. வேகத்திலேயே எல்லாம் தெரியும். நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு மட்டும் அசைத்துப் பாருங்கள். மூக்கு உடனே அசைகிறதா, இல்லை முதல் ஓரிரு டிகிரி காற்றில் போகிறதா? பிரேக் பெடலின் முதல் சென்டிமீட்டரில் கால் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு பிடிக்கிறதா, இல்லை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கவ்வுகிறதா? மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது பாதி மிதித்துவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிப் பாருங்கள். எந்த எண்ணில் கார் கிளம்புகிறது?

கடைசியாக, வளைவின் நடுவில் ஒட்டுப்போட்ட மேடு இருக்கும் ஒரு ரோட்டைத் தேடிப்பிடியுங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அளவான வேகத்தில், ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையிலேயே அந்த மேட்டில் ஏறி இறங்குங்கள். சுமாரான கார் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிப்போகும், உங்கள் கை அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வரும். நல்ல கார் ஒரே ஒரு முறை எழுந்து அமர்ந்துவிட்டு, கை எதுவும் செய்யாமலே, போட்ட கோட்டில் போய்க்கொண்டிருக்கும்.